கட்சிப் பெயர் இல்லாத வோட்டுச் சீட்டு

ஸ்தல ஸ்தாபனங்களில் கட்சிக்கு என்ன வேலை என்ற கேள்வி நம் நாட்டில் அடிக்கடி எழுகிறது. தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் கட்சி ஏது என்று கேட்பவர்கள் பலர். கட்சிகளை ஒதுக்கிவிட்டு, ஊருக்கு நல்லவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் நகர நிர்வாகம் தானே சீர்ப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த நம்பிக்கை நூறு வருஷங்களுக்கு மேலாக ஒரு பெரிய நகரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்திலுள்ள லாஸ் ஏஞ்ஜல்ஸ்தான் அந்த நகரம். அங்கே நகரசபைக்கு நிற்கும் அபேட்சகர் எவரும் எந்தக் கட்சியின் பெயராலும் நிற்க முடியாது. நகர, ஜில்லா உத்தியோகங்களுக்கான தேர்தல்கள் கட்சிச் சார்பற்றவையாகவே இருக்கவேண்டும் என்று அந்த ராஜ்யத்தின் அரசியல் சட்டமே விதித்திருக்கிறது. அந்தச் சோதனையின் பலன் என்ன என்பதைப் பார்ப்பது நமக்குப் பிரயோஜனமாக இருக்கும்.

முதலில் அங்குள்ள வோட்டரின் நிலையைக் கவனிப்போம். அவர் கையில் கொடுக்கப்படும் வோட்டுச் சீட்டில் அபேட்சகரின் பெயர் இருக்கும். பெயருக்குக் கீழே அவர் செய்யும் தொழில் மூன்று சொற்களுக்கு மிகாமல் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுதான். கட்சிப் பெயரும் கிடையாது. நம் நாட்டில் உள்ளது போன்ற சின்னமும் கிடையாது. ஆசிரியர் என்றோ, வியாபாரி என்றோ, நகரசபை அங்கத்தினர் என்றோ எழுதியிருக்கும் இரண்டொரு வார்த்தைகளைக் கொண்டு, தம்முடைய தெருவையும் குழாயையும் போலீஸையும் நாலு வருஷ காலத்துக்கு யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் தீர்மானிக்கவேண்டும். கட்சிப் பெயர் என்பது ஒரு சுருக்கெழுத்து. அதைப் பார்த்தவுடன், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கொள்கையில் ஒரு பாதியையாவது வோட்டர் ஊகித்துக்கொள்கிறார். அந்தச் சுருக்கெழுத்தை அழித்துவிட்டால், அபேட்சகர் தம்மை முழுமையாக எழுதிக் காட்டவேண்டியவராகிறார். எழுதிக் காட்டுவது எப்படி, யார் துணைகொண்டு, யார் பணத்தில் என்பதுதான் இந்த விஷயத்தின் சாரம்.

இந்த ஏற்பாடு வெறும் விபரீத யோசனையாகத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களின் நிர்வாகம் கட்சி மிராசுதார்களின் கையில் சிக்கியிருந்தது. நியூயார்க்கில் டாமனி ஹால் என்ற கட்சி ஸ்தாபனத்தின் தலைவராக விளங்கிய ட்வீட் என்பவர் நகரத்தின் பொக்கிஷத்தைத் தம் சொந்தப் பெட்டிபோல் கையாண்டார். 1873-ல் தண்டனையடைந்து, 1878-ல் சிறையிலேயே மாண்டார். அவர் மறைந்தும் அவர் முறை மறையவில்லை. நகரத்தில் உத்தியோகம் வேண்டுமா, காண்டிராக்ட் வேண்டுமா, கட்சிக் காரியஸ்தனைப் பார் என்பதே பெரிய நகரங்களில் வழக்கமாக இருந்தது. 1904-ல் லிங்கன் ஸ்டெபன்ஸ் என்ற பத்திரிகையாளர் நகரம் நகரமாகச் சென்று கண்ட ஊழல்களைப் புஸ்தகமாக வெளியிட்டபோது, நாடு முழுவதும் வெட்கித் தலைகுனிந்தது.

இதனிடையே 1900-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்தைப் புயல் அழித்தது. ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். இடிந்த நகரத்தை மீண்டும் கட்டும் வேலையைப் பழைய நகரசபையிடம் விடாமல், சிறு கமிஷன் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். ஆபத்துக் காலத்தில் செய்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யவே, மற்ற நகரங்களும் அதைப் பார்த்துப் பின்பற்றின. 1907-ல் டெமாய்ன் நகரம் அதனோடு கட்சிச் சார்பற்ற தேர்தலையும் சேர்த்துக்கொண்டது. சீர்திருத்தக்காரர்கள் எங்கும் இதையே உபதேசித்தனர். இன்று அமெரிக்காவின் நகரசபைகளில் பெரும்பாலானவை கட்சிப் பெயரில்லாமலே தேர்தல் நடத்துகின்றன.

லாஸ் ஏஞ்ஜல்ஸுக்கு இது வந்த விதமும் அப்படியே. அங்கே ஸதர்ன் பஸிபிக் ரெயில்வே கம்பெனி வைத்தது சட்டம் என்றிருந்த காலம் அது. இரண்டு கட்சிகளிலும் அந்தக் கம்பெனிக்கு ஆட்கள் உண்டு என்பதால், எந்தக் கட்சி ஜயித்தாலும் கம்பெனி தோற்பதில்லை. 1903-ல் அந்நகரத்தார், தாங்கள் தேர்ந்தெடுத்தவரைத் தாங்களே திருப்பியழைக்கும் உரிமையை நகரச் சட்டத்தில் சேர்த்தார்கள். அமெரிக்காவிலேயே இதுதான் முதல் தடவை. 1909-ல் அந்த உரிமையை மேயர்மீது பிரயோகிக்க முற்பட்டபோது, அவர் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் ராஜிநாமாச் செய்து விலகினார். அதே வருஷத்தில்தான் நகரத் தேர்தலிலிருந்து கட்சிப் பெயர் நீக்கப்பட்டது. கூடவே வார்டுகளும் நீக்கப்பட்டு, அங்கத்தினர் அனைவரும் நகரம் முழுவதற்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1925-ல்தான் நகரம் மீண்டும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அன்று வகுத்த பதினைந்து என்ற தொகை இன்றும் மாறவில்லை. இன்று ஒரு தொகுதியில் வசிப்போர் சுமார் 2,60,000 பேர்.

சீர்திருத்தக்காரர்கள் யோக்கியர்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறினார்கள். கட்சிக் காரியஸ்தன் லஞ்சம் வாங்கினான், வாஸ்தவம். அதே காரியஸ்தன்தான் கப்பலிலிருந்து இறங்கிய ஏழையை வோட்டர் ஜாபிதாவில் பதிவு செய்வித்தான். தேர்தல் தினத்தன்று வீட்டுக்கு வந்து கூப்பிட்டான். குளிர்காலத்தில் கரி வாங்கிக் கொடுத்தான். அவனை ஒழித்தது சரி. அவன் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்று எவரும் கேட்கவில்லை. படித்தவர்களும் சொத்துள்ளவர்களும் கூப்பிடாமலே வோட்டுப் போடச் சென்றார்கள். கூப்பிட ஆளில்லாத ஏழைகள் வீட்டிலிருந்துவிட்டார்கள். கட்சிப் பெயர் இருந்த இடத்தில் பத்திரிகை முதலாளியின் சிபார்சும், வியாபார சங்கத்தின் பணமும், ஏற்கெனவே பதவியில் இருப்பவரின் பெயரும் வந்து உட்கார்ந்தன. கட்சிப் பெயரில்லாத தேர்தல்களில் வோட்டளிப்போர் தொகை குறைவதும், பதவியிலிருப்பவருக்கு அனுகூலம் மிகுவதும் பின்னர் ஆராய்ச்சியாளர் பலர் கண்ட உண்மை.

சட்டத்தில் ஒரு சொல்லை நீக்குவதனால் மட்டும் கட்சி யந்திரம் உடைந்துவிடாது என்பதற்குச் சிகாகோ நகரம் உதாரணம். அங்கே நகரசபையின் ஐம்பது அங்கத்தினரும் சட்டப்படி கட்சிப் பெயரில்லாமலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆயினும் 1955 முதல் 1976 வரையில் மேயராக இருந்த ரிச்சர்டு டேலியின் காலத்தில், ஜனநாயகக் கட்சியின் யந்திரம் அந்தச் சபையைப் பொம்மலாட்டம் ஆட்டியது. சீட்டில் இல்லாத பெயர் ஊர் முழுவதும் தெரிந்திருந்தது!

கட்சி விட்டுச் சென்ற வேலையை ஜனங்களே எடுத்துச் செய்தால் என்ன நடக்கும்? இதற்குப் பதில் லாஸ் ஏஞ்ஜல்ஸின் ஒன்பதாவது தொகுதியில் கிடைக்கிறது.

எட்வர்டு ராய்பால் 1916-ல் நியூமெக்ஸிகோ ராஜ்யத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் லாஸ் ஏஞ்ஜல்ஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் குடியேறிற்று. மெக்ஸிகோ வம்சத்தார், யூதர், ஜப்பானியர், ரஷ்யர் எனப் பல ஜாதியாரும் அடுத்தடுத்து வாழ்ந்த உழைப்பாளிகளின் பேட்டை அது. யுத்தம் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பிய அவர், க்ஷயரோக நிவாரண சங்கம் ஒன்றின் சுகாதாரப் பிரசாரகராக வேலை செய்துகொண்டிருந்தார். நெரிசலான வீடுகளில் நோய் எப்படிப் பரவுகிறது என்பதை அவர் தினந்தோறும் கண்டார். நகரசபை நினைத்தால் மாற்றக்கூடிய விஷயங்கள் அவை. ஆனால் அந்த நகரசபையில் மெக்ஸிகோ வம்சத்தவர் ஒருவர் உட்கார்ந்து அறுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன.

1947-ல் அவர் அபேட்சகராக நின்றார். நண்பர்கள் சிலர் வேலை செய்தார்கள், கூட்டங்கள் போட்டார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். முடிவில் மூன்றாவது ஸ்தானமே கிடைத்தது. சாதாரணமாகத் தோற்ற அபேட்சகர் என்ன செய்வார்? ஜயித்தவர் பணம் செலவழித்தார் என்று குறைகூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போவார். அல்லது அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும்வரை மௌனமாக இருப்பார். ராய்பாலும் நண்பர்களும் அப்படிச் செய்யவில்லை. தோல்வியின் காரணத்தைத் தேடினார்கள். தங்கள் பேட்டையில் ஏராளமான பேர் வோட்டர் ஜாபிதாவிலேயே இல்லை என்ற உண்மை அவர்களுக்கு விளங்கிற்று. வோட்டே இல்லாதவரிடம் வோட்டுக் கேட்டு என்ன பயன்?

தேர்தல் கமிட்டி கலைக்கப்படவில்லை. அதுவே சமூக சேவை ஸ்தாபனம் என்ற பெயரில் நிரந்தரச் சங்கமாக மாறியது. பிரெட் ராஸ் என்ற ஊழியர் அவர்களோடு சேர்ந்து ஒரு முறையைப் பழக்கினார். முறை மிகவும் சாதாரணமானது. ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். அந்தத் தெருவின் குறைகளைப் பேசுவார்கள்: விளக்கு இல்லை, நடைபாதை இல்லை, போலீஸ்காரர் அடிக்கிறார். வந்தவர்களில் ஒருவர் அடுத்த வாரம் தம் வீட்டில் கூட்டம் போட முன்வருவார். இப்படி வீடு வீடாகச் சங்கம் வளர்ந்தது. அதன் பின்னர், வோட்டர்களைப் பதிவு செய்யும் அதிகாரத்தைத் தம்மவர் சிலருக்கும் அளிக்கும்படி அதிகாரிகளைக் கேட்டுப் பெற்றார்கள். ஸ்பானிஷ் பாஷை பேசும் அவர்கள் கதவைத் தட்டினால், உள்ளேயிருப்பவர் பயப்படாமல் திறந்தார். இரண்டு வருஷங்களுக்குள் புதிதாகப் பதிவானவர்கள் ஏறக்குறைய 15,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

1949-ல் ராய்பால் மீண்டும் நின்றார். மெக்ஸிகோ வம்சத்தார் அந்தத் தொகுதியில் பெரும்பான்மையோர் அல்லர். அவர்களை மட்டும் நம்பியிருந்தால் மறுபடியும் தோல்விதான். யூதர்களும், நீக்ரோ ஜாதியார் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு அமெரிக்கரும், தொழிற்சங்கத்தாரும் அவருக்காக உழைத்தார்கள். எதிரே நின்றவரும் சாமானியரல்லர். பார்லி கிறிஸ்டென்ஸன் 1920-ல் விவசாயி-தொழிலாளி கட்சியின் சார்பில் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட்டவர். பல வருஷம் நகரசபையில் இருந்தவர். ஏழைகளுக்கு விரோதி என்றும் அவரைச் சொல்லமுடியாது. கட்சிப் பெயரைப் பார்த்து வோட்டளிக்கும் முறையில் இப்பேர்ப்பட்டவரை ஒரு புது மனிதர் வீழ்த்துவது எளிதன்று. ஆனால் அந்தச் சீட்டில் இருந்தவை இரண்டு பெயர்கள் மட்டுமே. அவற்றில் ஒன்றைத் தம் வீட்டு முன்னறையில் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ராய்பால் பெரிய வித்தியாசத்தில் ஜயித்தார். அவருக்கு அப்போது வயது 33.

நகரசபையில் அவர் பதின்மூன்று வருஷம் இருந்தார். கட்சியில்லாத சபையின் உண்மையான பலம் எதில் இருக்கிறது என்பதை அங்கே அவர் ஒரு தடவை காட்டினார். 1950-ல் கொரியா யுத்தத்தின் பீதியில், நகரத்திலுள்ள கம்யூனிஸ்டுகள் யாவரும் போலீஸில் பெயரைப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று ஒரு சட்டம் சபையின்முன் வந்தது. அபிப்பிராயத்துக்காக ஒரு மனிதனைப் பதிவு செய்யும் அதிகாரம் எங்கே போய் முடியும் என்று பலருக்கும் தெரியும். ஆயினும் வாய்திறக்கத் துணிவில்லை. எதிர்த்து வோட்டளித்தவர் ராய்பால் ஒருவரே. அவரைத் தடுக்கக் கட்சிக் கொறடா இல்லை. அடுத்த முறை டிக்கட் கிடையாது என்று மிரட்டக் கட்சிக் காரியாலயமும் இல்லை. அவர் பதில் சொல்லவேண்டியது தம் தொகுதி வோட்டர்களுக்கு மட்டுமே. அவர்கள் அவரைக் கைவிடவில்லை. 1962-ல் அவர் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, முப்பது வருஷம் அங்கே பணியாற்றினார்.

அந்தச் சங்கத்தின் பயன் ஒரு ஸ்தானத்தோடு நின்றுவிடவில்லை. 1952-ல் ஸான் ஹோஸே நகரில் அதே சங்கத்தின் வேலைக்காகப் பிரெட் ராஸ் சென்றபோது, அங்கே கண்டெடுத்த இளைஞர்தான் பிற்காலத்தில் பண்ணைத் தொழிலாளருக்காக அகிம்சைப் போர் நடத்திய ஸீஸர் சாவேஸ். வோட்டர் பதிவு நோட்டுப் புஸ்தகத்தோடு அவர் பொது வாழ்வில் அடியெடுத்து வைத்தார். லாஸ் ஏஞ்ஜல்ஸிலேயே, 1963-ல் டாம் பிராட்லி என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி நகரசபைக்கு வந்தார். பல இனத்தாரும் சேர்ந்த கூட்டுறவின் பலத்தால் கறுப்பு இனத்தவரான அவர் 1973-ல் மேயராகி, இருபது வருஷம் அப்பதவியை வகித்தார்.

ஆனால் காலம் செல்லச் செல்லப் பழைய வியாதி மீண்டும் தலைகாட்டியது. தேர்தலில் ஜனங்களுக்குச் சிரத்தை குறைந்தது. ஜனாதிபதி தேர்தலும் சட்டசபைத் தேர்தலும் நடக்காத வருஷங்களில், வசந்த காலத்தில், யாரும் கவனியாத ஒரு செவ்வாய்க்கிழமையில் நகரத் தேர்தல் நடந்துவந்தது. தேசிய அரசியலின் சேறு நகரத்தின்மேல் படக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பலன் என்னவென்றால், 2015-ம் வருஷம் மார்ச்சு மாதத் தேர்தலில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவிலேயே வோட்டளித்தார்கள். பத்துப் பேர் மட்டும் வரும் தேர்தலில், ஏற்கெனவே பதவியிலிருப்பவரை அசைக்க யாரால் முடியும்? 2003-க்குப் பிறகு பதினேழு வருஷ காலம் நகரசபை அங்கத்தினர் எவரும் மறுதேர்தலில் தோற்றதில்லை. ஆனால் அந்த மார்ச்சுத் தேர்தலிலேயே வோட்டர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். 2020 முதல் நகரத் தேர்தலைப் பெரிய தேர்தல்கள் நடக்கும் வருஷத்துக்கே மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தார்கள்.

அபேட்சகராக நிற்பதற்கு அங்கே வேண்டியவை அதிகமில்லை. தொகுதியில் வசிக்கும் வோட்டராக இருக்கவேண்டும். 300 டாலர் கட்டணத்துடன் தொகுதி வோட்டர்கள் 500 பேரிடம் கையெழுத்து வாங்கித் தரவேண்டும். கட்டணம் கொடுக்க இயலாதவர் 1,000 கையெழுத்துத் தரலாம். பணத்துக்குப் பதில் கால்நடையாக உழைத்துத் தீர்க்கலாம் என்ற இந்த ஏற்பாடு போற்றத்தக்கது. நகரவாசிகள் கொடுக்கும் சிறு நன்கொடைகளுக்கு, விதிகளுக்கு உட்பட்ட அபேட்சகர்களுக்கு, நகரப் பொக்கிஷத்திலிருந்து ஒன்றுக்கு ஆறாகச் சேர்த்துக் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. பூர்வாங்கத் தேர்தலில் பாதிக்குமேல் வோட்டுப் பெற்றவர் அப்போதே ஜயித்தவராவார். இல்லையேல் முதல் இருவரும் இறுதித் தேர்தலில் மோதவேண்டும்.

இந்தப் புது ஏற்பாட்டில் நடந்த முதல் தேர்தலில் நான்காவது தொகுதிக்கு நின்றவர் நித்யா ராமன். கேரளத்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, நகர அமைப்புக் கலை பயின்றவர். நம் சென்னைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. டிரான்ஸ்பரண்ட் சென்னை என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்து, நகரத்தில் பொதுக் கழிப்பிடங்கள் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை, குடிசைவாசிகளுக்கு எந்த வசதி எட்டவில்லை என்பவற்றைத் திரட்டிப் படமாக வரைந்து வெளியிட்டவர் அவர். சர்க்கார் கணக்கில் காணாததைத் தெருவில் சென்று கணக்கெடுக்கும் அந்தப் பழக்கம் லாஸ் ஏஞ்ஜல்ஸிலும் அவரை விடவில்லை. அங்கே நகர நிர்வாகக் காரியாலயத்தில் வேலை செய்தபோது, வீடற்றவர்கள் விஷயமாக நகரம் வருஷத்துக்கு 10 கோடி டாலருக்குமேல் செலவிடுவதையும், அதில் பாதிக்குமேல் போலீஸ் வேலைக்கே போவதையும் காட்டும் அறிக்கையில் அவர் பங்குகொண்டார். பின்னர் தம் பேட்டையில் அண்டை அயலாருடன் சேர்ந்து, வீடற்றவர்களுக்கு உதவும் சங்கம் ஒன்றையும் அமைத்தார். அவர் அபேட்சகரானது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

எதிரே இருந்தவர் டேவிட் ரியு. கொரிய வம்சத்தவரில் நகரசபைக்கு வந்த முதல்வர். 2015-ல் அவரும் வெளியாளாகவே வந்து ஜயித்தவர். இருவரும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்களே. ஆகவே சீட்டில் கட்சிப் பெயர் அச்சிட்டிருந்தாலும் வோட்டருக்கு அதனால் ஒரு விளக்கமும் கிடைத்திராது. வீட்டு வாடகை, வீடற்றவர் நிலை, கட்டடக் கம்பெனிகளின் செல்வாக்கு ஆகிய நகர விஷயங்களிலேயே அவர்கள் மாறுபட்டார்கள். நித்யா ராமனுடைய தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். கொள்ளை நோய் பரவிய பின்னர் டெலிபோன் மூலம் பேசினார்கள். மார்ச்சு மாதம் ஒருவருக்கும் பாதிக்குமேல் கிடைக்கவில்லை. நவம்பரில் அவர் ஜயித்தார். பதினேழு வருஷமாக நடவாதது நடந்தது. 2024-ல் மறுபடியும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்படியானால் அங்கே கட்சி அரசியலே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. அந்தத் தேர்தலில் ரியுவுக்கு ஹில்லாரி கிளிண்டனும், நித்யா ராமனுக்குப் பெர்னி ஸாண்டர்ஸும் ஆதரவு அறிக்கை விட்டார்கள். சோஷலிஸ்ட் ஸ்தாபனமும் தொழிற்சங்கங்களும் வியாபாரிகளும் அவரவர் பக்கம் நின்றார்கள். கட்சிப் பெயரை நீக்கலாம்; கட்சி கட்டும் மனித சுபாவத்தை நீக்க முடியாது. அது கெட்ட முறையிலும் வெளிப்படும். 2022 அக்டோபரில் ஒரு ஒலிப்பதிவு வெளியாகி அந்நகரத்தை உலுக்கியது. நகரசபை அங்கத்தினர் மூவரும் தொழிலாளர் தலைவர் ஒருவரும் அந்தரங்கமாகக் கூடி, தொகுதி எல்லைகளை யாருக்கு அனுகூலமாக வகுப்பது என்று பேசியதும், அதனூடே இனத்துவேஷ வார்த்தைகளை உதிர்த்ததும் அம்பலமாயின. சபைத் தலைவர் பதவியைத் துறந்தார். கட்சியில்லாத சபையில் இனமும் கோஷ்டியுமே கட்சியாகிவிட்டன! 2024 நவம்பரில், எல்லை வகுக்கும் அதிகாரத்தைச் சபையிடமிருந்து எடுத்துச் சுதந்திரமான கமிஷனிடம் ஒப்படைக்க வோட்டர்கள் தீர்மானித்தார்கள். 1909-ல் செய்த சீர்திருத்தம் இன்னும் முடிவடையவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

இந்தச் சரித்திரம் நமக்குச் சொல்வது என்ன? கட்சிச் சார்பற்ற தேர்தல் தன்னளவில் நல்லதுமன்று, கெட்டதுமன்று. அது ஒரு காலி இடம். அந்த இடத்தை யார் முந்திக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பதைப் பொறுத்ததே அதன் குணம். ஜனங்கள் நிரப்பினால் 1949 கிடைக்கிறது. சும்மா இருந்தால், நூற்றுக்குப் பத்துப் பேர் வோட்டளித்த 2015 கிடைக்கிறது.

நமக்கும் இது அந்நியமான விஷயமன்று. தமிழ்நாட்டில் மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் கட்சிச் சின்னங்களில் தேர்தல் நடக்கிறது. ஆனால் கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு அங்கத்தினரும் இன்றும் கட்சிச் சின்னமில்லாமலே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கிராமத்தில் கட்சிப் பிளவு வேண்டாம் என்பதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் 2019-ல் நடந்த ஊரகத் தேர்தலின்போது, சில கிராமங்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாகச் செய்திகள் வந்தன. கட்சி வெளியேறிய வாசல் வழியே பணமும் ஜாதியும் உள்ளே நுழைந்தால், ஊர் ஒற்றுமை என்ற பெயரால் நடப்பது ஊர்க் கொள்ளையாகும். ஏலத்தில் எடுத்தவர் முதலை வட்டியோடு திரும்ப எடுக்காமல் விடுவாரா?

ஆகவே கட்சியின் ஆதரவின்றி ஸ்தல ஸ்தாபனத்துக்கு நிற்க விரும்பும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நாம் சொல்வது இதுதான். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு சுவரில் ஒட்டும் காகிதத்தை நம்பவேண்டாம். இன்றே உங்கள் வார்டில் வோட்டர் ஜாபிதாவை எடுத்துக்கொண்டு ஒரு தெருவிலே நடந்து பாருங்கள். ஜாபிதாவில் இல்லாதவர் யார், இறந்தும் ஜாபிதாவில் இருப்பவர் யார், எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எந்தக் குப்பை எத்தனை நாளாக அகற்றப்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரை ஒரு திண்ணையில் கூட்டிப் பேசுங்கள். உங்களுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்பவருக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். முதல் தடவை தோற்றால், வேலை செய்த சங்கத்தைக் கலைத்துவிடாதீர்கள். அடுத்த தேர்தலுக்கான வேலையை அந்த வாரமே தொடங்கலாம்.

வோட்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கட்சிப் பெயர் இல்லாத சீட்டு அவர்களுடைய வேலையைக் குறைப்பதில்லை, அதிகப்படுத்துகிறது. சீட்டிலுள்ள பெயருக்கு உரியவர் இதுவரை தம் தெருவுக்கு எத்தனை தடவை வந்தார், எதற்காக வந்தார், தேர்தல் இல்லாதபோது வந்தாரா என்று விசாரித்து அறியாமல், ஜாதியையோ கைக்கு வந்த நோட்டையோ பார்த்து முத்திரை குத்துகிறவர், கட்சி மிராசுதாரை விரட்டிவிட்டு வேறொரு மிராசுதாரை வீட்டுக்கு அழைத்தவரே ஆவார்.